இடது ஓரத்துக் குரல்

எனக்குச் சங்கீதம் தெரியாது. அடக்கத்துக்காகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஒரு ராகத்துக்கும் இன்னொரு ராகத்துக்கும் என்ன வித்தியாசம் என்று இன்றைக்குக் கேட்டாலும் முழிப்பேன். ஆனால் கல்கத்தாவில் நாங்கள் இருந்த வருஷங்களில், லேக் கார்டன்ஸ் வட்டாரத்தில் என்னை ஒரு பெரிய ரசிகை என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். நானும் மறுத்துப் பார்த்தேன். மறுக்க மறுக்க மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

எல்லாம் ஓர் இடமாற்றத்தில் ஆரம்பித்தது. மாற்றல் எங்களுக்கு அல்ல. தொண்ணூறுகளின் நடுவில், என் கணவரோடு துறைமுகத்தில் வேலை பார்த்த ஒருவருக்கு விசாகப்பட்டினத்துக்கு மாற்றல் வந்தது. லாரியில் இடமில்லை என்று ஒரு ரெகார்டு பிளேயரையும், மரப்பெட்டி நிறைய இசைத்தட்டுகளையும் எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போனார். ஊரெல்லாம் கேசட்டுக்கு மாறிவிட்ட காலம் அது. "இவ்வளவு பெரிய பொக்கிஷத்தை இப்படிக் குடுத்துட்டுப் போறானே" என்று என் கணவர் உருகினார். கொடுத்தவரின் மனைவி முகத்தில் அன்று தெரிந்த நிம்மதியை அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

பெட்டியைத் திறந்தால் நாப்தலீன் வாடையும் பூஞ்சை வாடையும் ஒன்றாக வந்தன. கல்கத்தா மழைக்காலம் எதையும் விட்டுவைக்காது. தோல் செருப்பு, பெல்ட், ஆல்பம் என்று எல்லாவற்றிலும் சாம்பல் நிறத்தில் படர்ந்துவிடும். தட்டுகள் ஒவ்வொன்றும் விபூதி பூசியதுபோல இருந்தன. என் கணவர் ஒன்றை எடுத்து, சட்டை நுனியால் ஒரு துடை துடைத்து, சுழலவிட்டு முள்ளை வைத்தார். உடனே கண்ணை மூடிக்கொண்டார்.

நான் எழுந்து அடுக்களைக்குப் போனேன். கடுகு தாளிக்கிற சத்தம் கேட்டது. அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டோமோ என்று பயம். அடுப்பு அணைந்துதான் இருந்தது. திரும்பி வந்தேன்.

"என்ன சத்தம் அது?"

"எது?"

"இந்தப் பொரியற சத்தம். நடுவுல டிக் டிக்குனு வேற."

"பாட்டைக் கேளேன். அதுக்குப் பின்னாடி எதுக்குப் போற?"

நான் எங்கேயும் போகவில்லை. அதுதான் முன்னால் வந்து நின்றது. எனக்கு வேலை மத்திய அரசு அலுவலகம் ஒன்றில், தணிக்கைப் பிரிவில். ஒரு ஃபைல் முழுக்கச் சரியாக இருந்தால் அதில் எனக்குப் பார்க்க ஒன்றுமே இல்லை. பிழையைக் கண்டுபிடிப்பதற்காக மாதச் சம்பளம் வாங்குகிறவளிடம், பிழையை விட்டுவிட்டுப் பாட்டைக் கேள் என்றால் எப்படி? அவர் காதில் பாட்டு மட்டும் விழுந்தது. என் காதில் மற்றதெல்லாம் விழுந்தது. கல்யாணமாகி அத்தனை வருஷம் கழித்து, எங்கள் இருவருக்கும் இருந்தது சேர்த்து ஒரு முழுக் காதுதான் என்று தெரிந்துகொண்டோம்.

பிளேயரை நிறுத்தச் சொன்னால் சண்டை வரும். சத்தத்தை நிறுத்தலாம் என்று முடிவு செய்தேன். முதலில் ஈரத்துணியால் துடைத்தேன். வரிகளுக்குள் இருந்த தூசி குழைந்து சேறாகி, காய்ந்து, கடுகு சத்தம் அப்பளம் பொரிக்கிற சத்தமாக வளர்ந்தது. காளிகாட்டில் இருந்த ஒரு தமிழ்க்கார மாமி, தேங்காய் எண்ணெய் தடவினால் எந்தத் தட்டும் புதுசாகிவிடும் என்று உறுதியாகச் சொன்னார். ஒரு பக்திப் பாட்டுத் தட்டில் தடவிப் பார்த்தேன். முள் வழுக்கிக்கொண்டே போய், பல்லவி தொடங்கிய சூட்டிலேயே மங்களம் பாடி முடித்தது. என் கணவர் மூன்று நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அதன் பிறகு கொஞ்சம் யோசித்துச் செய்தேன். கரியாஹாட்டில் கார் பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர், அதில் ஒரே ஒரு சொட்டுக் குழந்தை ஷாம்பு, வெல்வெட் துணி ஒரு துண்டு. நடுவில் இருக்கும் காகித லேபிள் நனையாமல் இருக்கப் பால் பவுடர் டப்பாவின் மூடி. தட்டின் வரி போகிற போக்கிலேயே துணியைச் சுற்றிக் கொண்டுபோக வேண்டும்; குறுக்கே இழுத்தால் அழுக்கை வெளியே எடுப்பதற்குப் பதில் உள்ளே குடிவைத்த கதையாகிவிடும். ரொம்ப மோசமான தட்டுகளுக்கு ஒரு முரட்டு வைத்தியம் இருந்தது. துறைமுகத்துக்கு வந்த ஒரு கப்பல் எஞ்சினியர் என் கணவரிடம் சொன்னது. தச்சர்கள் மரம் ஒட்டும் வெள்ளைப் பசையைத் தட்டு முழுக்க மெழுகி, நன்றாகக் காயவிட்டு, ஓரத்தில் நகத்தைக் கொடுத்து உரித்தால், வரிக்குள் இருக்கும் அழுக்கெல்லாம் பசையோடு ஒரே தோலாக வந்துவிடும். முதல் தடவை அப்படி உரித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம், எந்தக் கச்சேரியிலும் என் கணவருக்கு ஏற்பட்டிருக்காது.

விஷயம் பரவியது. முதலில் தமிழ்க் குடும்பங்கள், பிறகு வங்காளிகள் என்று ஆளுக்கொரு தட்டோடு வந்தார்கள். சுத்தம் செய்து சரிபார்க்க நான் ஒவ்வொரு தட்டையும் முழுதாகக் கேட்பேன். டிக் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பார்த்தவர்கள் அதை ரசனை என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு நவராத்திரிக்குக் குழந்தைகள் பாட்டுப் போட்டிக்கு நடுவராகவே உட்கார்த்திவிட்டார்கள். நடுவில் தொண்டையைக் கனைக்காமல் பாடிய பெண்ணுக்கு முதல் பரிசு கொடுத்தேன். "சுருதி சுத்தம்தான் முக்கியம்னு சரியாப் பிடிச்சீங்க" என்று ஒரு பெரியவர் கைகுலுக்கினார்.

எங்கள் வீட்டுச் சொந்தக்காரர்கள் கீழ்த்தளத்தில் இருந்தார்கள். தேயிலைக் கம்பெனி அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். வங்காள வழக்கப்படி, சித்தப்பா சித்தி முறையில், அவரை மேசோமஷாய் என்றும், அவர் மனைவியை மாஷிமா என்றும் கூப்பிட்டோம். என்னை அவர்கள் மருமகளைக் கூப்பிடுவதுபோல 'பௌமா' என்பார்கள். குடிவந்த அன்றே மேசோமஷாய் எங்களிடம் மூன்று விஷயங்கள் சொல்லியிருந்தார். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. தண்ணீர் மோட்டாரை அவர்தான் போடுவார். அவர் ரெகார்டில் பாடியிருக்கிறார்.

மூன்றாவதை எல்லோரிடமும் சொல்வார். அறுபதுகளில் ஒரு பாடகி மழைக்காலப் பாட்டு ஒன்றைச் சின்னத் தட்டில் பதிவு செய்தபோது, பின்னால் நின்ற கோரஸில் இவரும் ஒருவர். "இடது ஓரத்திலிருந்து இரண்டாவது ஆள். இடது பக்கம் காதைக் கொடுத்துக் கேட்டால் நான் தெரிவேன்" என்பார். அந்தக் காலத்துத் தட்டு மோனோ, அதில் இடதும் கிடையாது வலதும் கிடையாது என்று என் கணவர் ஒருதடவை விளக்க ஆரம்பித்தார். நான் அவர் காலை மிதித்தேன். வாடகை வீடு.

ஒரு வருஷம் துர்கா பூஜைக்கு முன்னால் மேசோமஷாய் மாடிக்கு வந்தார். கையில் மெல்லிய பழைய வேட்டித் துண்டில் சுற்றிய அந்தச் சின்னத் தட்டு. பூஜை முடிந்த வாரத்தில் தெருக்காரர்கள் எல்லோரும் கூடி இனிப்பு சாப்பிட்டு ஆடிப்பாடும் பிஜயா மாலையில் அந்தத் தட்டைப் போட வேண்டும் என்று அவருக்கு ஆசை. தெரு கிளப்பின் செயலாளர், அவ்வளவு பழைய தட்டில் என்ன கேட்கும் என்று தயங்கினாராம்.

"பௌமா, உன் கையால் சுத்தமாகாதது இல்லை என்கிறார்கள். என் குரல் அதற்குள் எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கிறது. எடுத்துக் கொடு."

போட்டுப் பார்த்தேன். அது மழைக்காலப் பாட்டு என்பதால் மழைச் சத்தத்தையும் சேர்த்துப் பதிந்திருக்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். இல்லை, எல்லாமே அழுக்கு. ஒரு தடவை கழுவினேன். மழை தூறலாகியது, பாடகியின் குரல் வெளியே வந்தது. இன்னொரு தடவை கழுவினேன். எஸ்ராஜ் என்கிற தந்தி வாத்தியமும் தபலாவும் வந்தன. பிறகு பசை. பூஜைக்கு முந்தைய ஈரக் காற்றில் அது காய மறுத்தது. படுக்கையறை ஃபேனுக்குக் கீழே தட்டை வைத்துவிட்டு நாங்கள் கூடத்தில் வேர்த்துக்கொண்டு கிடந்தோம். உரித்தபோது தோல் கிழியாமல் ஒரே வட்டமாக வந்தது. முள்ளை வைத்தேன். அவ்வளவு அமைதியான தட்டை அதுவரை நான் கேட்டதில்லை.

ஒரே ஒரு சத்தம் மட்டும் மிச்சம் இருந்தது. இரண்டாவது சரணத்தைப் பாடகி முடித்து, கோரஸ் எடுப்பதற்கு முன்னால் சின்ன இடைவெளி. அங்கே சின்னதாக ஒன்று, உடனே அமுங்கிய மாதிரி இன்னொன்று. திரும்பக் கழுவினேன். திரும்பப் பசை போட்டேன். அசையவில்லை. என் கணவர் பூதக்கண்ணாடியை வைத்து அந்த இடத்தைப் பார்த்தார்.

"இங்க கீறலும் இல்ல, அழுக்கும் இல்ல. மறுபடி போடு."

போட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் பாட்டை விட்டுவிட்டுச் சத்தத்தைக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது இருமல்."

சொன்னதும் எனக்கும் பிடிபட்டது. வெறும் இருமல் அல்ல, தினமும் காலையில் மேசோமஷாய் பேப்பர் எடுக்க வரும்போது மாடிப்படிக்குக் கீழே கேட்கிற இருமல். சின்னதாக ஒன்று, மரியாதைக்காக விழுங்கிய மாதிரி இன்னொன்று. முப்பது வருஷத்துக்கு மேலாகியும் ஒரு மாற்றமும் இல்லை.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே மாஷிமா ஒரு கிண்ணத்தில் தேங்காய் உருண்டை எடுத்துக்கொண்டு மேலே வந்துவிட்டார். தட்டு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. நிறுத்துவதற்குள் அந்த இடம் வந்துபோனது. மாஷிமா கிண்ணத்தை மேஜையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மறுபடியும் வை, பௌமா."

வைத்தேன். அந்த இடம் வந்ததும் அவர் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. அழுகிறார் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது அவருடைய காஷி" என்றார். வங்காள மொழியில் இருமலுக்குக் காஷி என்று பெயர். காசிக்கும் அதே உச்சரிப்புதான். "மாஷிமாவுக்கு உட்கார்ந்த இடத்துல காசி தரிசனம்" என்று என் கணவர் தமிழில் முணுமுணுத்தார்.

பிறகு மாஷிமா சொன்னார். அவருடைய அப்பா பெரிய சங்கீதப் பைத்தியம். மகளுக்கு இரண்டு வரன் வந்திருந்தது. ஒருவர் டாக்டர். இன்னொருவர் தேயிலைக் கம்பெனி குமாஸ்தா, ஆனால் ரெகார்டில் பாடியவர். அப்பா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "டாக்டர் அப்புறம் லண்டன் போய்விட்டார்" என்றார் மாஷிமா, வானிலை சொல்வதுபோல.

"கல்யாணத்துக்கு அப்புறம் அவர் பாடவே இல்லையா?" என்று கேட்டேன்.

"டைஃபாய்டு வந்து குரல் போய்விட்டது என்றார். நான் அந்த ரெகார்டைப் போட்டுப் போட்டுக் கேட்பேன். இதில் எது அவர் குரல், இதில் எது அவர் குரல் என்று. எங்கள் பழைய பிளேயரில் ஒரே இரைச்சல். அது கெட்டுப்போகிறவரைக்கும் தேடினேன்."

கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். பிறகு, "நானும் பத்து வருஷம் பாட்டுக் கற்றுக்கொண்டவள்தான், தெரியுமா? ரெகார்டில் பாடியவர் முன்னால் வாயைத் திறக்க வெட்கமாக இருந்தது. ஹார்மோனியத்தைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டுத்தான் இந்த வீட்டுக்கு வந்தேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. ஆனால் இப்போது சிரிக்கவும் இல்லை.

கிளம்பும்போது படியில் நின்று திரும்பினார். "அவரிடம் எதுவும் சொல்லாதே. அவர் இவ்வளவு காலமாகப் பத்திரமாக வைத்திருக்கிறார்."

மறுநாள் மேசோமஷாய் கேட்க வந்தார். சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். இடது பக்கமாக நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்கார்ந்தார். பாடகியின் குரல் தெளிவாக வந்ததும் முகம் மலர்ந்தது. இரண்டாவது சரணம் முடிந்தது. அந்த இடம் வந்ததும் அவர் அப்படியே அசையாமல் இருந்தார்.

"பிரமாதம்" என்றார் கடைசியில். "ஒரு கீறல் மட்டும் மிச்சம் இருக்கிறது. அதையும் எடுத்துவிடு."

"அது எடுக்க வராது மேசோமஷாய். பதிவிலேயே இருக்கிறது."

"கம்பெனியில் அச்சடிக்கும்போது விழுந்திருக்கும்."

"ஆமாம், அந்தக் காலத்தில் அப்படி நிறைய நடந்திருக்கிறது" என்றார் என் கணவர், தட்டுகளைப் பற்றித் தன் வாழ்நாளில் சொன்ன முதல் பொய்யாக.

பிஜயா மாலை வந்தது. தெருவில் பந்தலுக்குள் மேடை. எங்கள் பிளேயரை மேஜையில் வைத்து, ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கை நிறுத்தியிருந்தார்கள். பக்கத்திலேயே மேசோமஷாய், தோளில் சால்வையோடு. செயலாளர் அவரை அறிமுகப்படுத்தினார். நான் முள்ளை வைத்துவிட்டுக் கீழே வந்து மாஷிமாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜனங்கள் இனிப்பை மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். இரண்டாவது சரணம் முடியப்போகிற நேரம், மேசோமஷாய் எழுந்தார். மைக்கை நோக்கிக் குனிந்தார்.

அவர் போட்டிருந்த திட்டம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தட்டில் வரும் இருமலை நேரில் இருமி மறைத்துவிட வேண்டும். நல்ல திட்டம்தான். அரை நொடி முந்திவிட்டார்.

மைக்கில் சின்னதாக ஓர் இருமல், விழுங்கிய மாதிரி இன்னொன்று. உடனே தட்டிலிருந்து அச்சு அசலாக அதே இரண்டும். முன்வரிசையில் ஒரு குழந்தை முதலில் சிரித்தது. பிறகு எல்லோரும். கோரஸ் பாடியது யார் காதிலும் விழவில்லை. மாஷிமா மட்டும் சிரிக்காமல், தலையை லேசாக ஆட்டிக்கொண்டு கோரஸைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு சில நாட்கள் மேசோமஷாய் வெளியே தலைகாட்டவில்லை. தண்ணீர் மோட்டார் மட்டும் நேரத்துக்கு ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது மேலே வந்தார்.

"நான் பொய் சொன்னேன் என்று நினைக்கிறாயா?"

"இல்லை மேசோமஷாய்."

"ரெகார்டில் நான் இருக்கிறேனா, இல்லையா?"

"இருக்கிறீர்கள்."

"அதைத்தான் இவ்வளவு காலமும் சொன்னேன்." அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார். "மழைக்காலம் முழுக்க ஒத்திகைக்குப் போனேன். பதிவு நாளன்று ஜலதோஷம். வாயை மட்டும் அசை, சத்தம் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார் கோரஸை நடத்தியவர். இரண்டு சரணம் அடக்கிக்கொண்டு நின்றேன். எல்லோரும் மூச்சு வாங்குகிற இடம் வந்தது, நானும் வாங்கினேன்."

நான் கையிலிருந்த துணியைக் கொடியில் போட்டேன். அவரே தொடர்ந்தார்.

"அந்தக் கோரஸில் அத்தனை பேர் பாடினார்கள். எது யாருடைய குரல் என்று யாராவது சொல்ல முடியுமா? என் ஒருவனைத்தான் தனியாகக் கேட்கலாம்."

தணிக்கைப் பிரிவில் எவ்வளவோ விளக்கங்களைப் படித்திருக்கிறேன். அவ்வளவு கச்சிதமான ஒன்று எந்த ஃபைலிலும் வந்ததில்லை. ஆட்சேபணை எழுப்ப எனக்கு இடமே கிடைக்கவில்லை.

தெருக்காரர்களும் அப்படியே முடிவு செய்துவிட்டார்கள் போல. அடுத்தடுத்த வருஷங்களில் பிஜயா மாலைக்கு அந்தத் தட்டைக் கேட்டு வாங்கிப் போட்டார்கள். பாடகி யார் என்று யாருக்கும் நினைவில்லை. 'மேசோமஷாயின் ரெகார்டு' என்றுதான் பெயர். அவரும் இரண்டாவது சரணம் முடியும்போது ஒரு விரலை மட்டும் உயர்த்திக் காட்டப் பழகிக்கொண்டார்.

மாஷிமாவின் விஷயம் வேறு. அந்தப் பூஜை முடிந்து குளிர் ஆரம்பித்த சமயத்தில், ஒரு மத்தியானம் கீழே இருந்து பாட்டு கேட்டது. ரேடியோ என்று நினைத்தேன். ஒரே வரியை நாலைந்து தடவை திருப்பித் திருப்பிப் பாடியதால் ரேடியோ இல்லை என்று தெரிந்தது. நன்றாகப் பாடினாரா என்று என்னைக் கேட்டால் சொல்லத் தெரியாது. என் கணவர் அன்று லீவில் இருந்தார். பேப்பரை மடக்கி வைத்துவிட்டுக் கேட்டார். "மேல் ஸ்தாயில கொஞ்சம் நடுங்குது. ஆனா நல்ல பாடாந்தரம்" என்றார்.

புது வருஷம் பிறந்ததும் மாஷிமா காளிகாட்டில் ஒரு பாட்டு வகுப்பில் சேர்ந்துவிட்டார். வாரத்தில் மூன்று மாலை, கூடப் படித்தவர்கள் எல்லாம் பேத்தி வயசுப் பெண்கள். தங்கை வீட்டிலிருந்து ஹார்மோனியம் ரிக்ஷாவில் திரும்பி வந்தது. மேசோமஷாய் அதை வாசலில் நின்று பார்த்தார். ஒரு பக்கம் பிடித்து உள்ளே தூக்கி வைத்தார்.

அந்த மூன்று மாலைகளிலும் அவர் தாமே டீ போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. வாழ்க்கை முழுக்கத் தேயிலை விற்ற கம்பெனியில் இருந்தவர்; அடுப்பை எப்படிப் பற்றவைப்பது என்று என்னிடம் வந்து கேட்டார். முதல் சில வாரங்கள், போட்டதில் எங்களுக்கும் இரண்டு கோப்பை தட்டில் வைத்து மேலே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நாங்கள் குடித்து முடிக்கும்வரை நின்றுகொண்டிருப்பார். வாயில் வைக்க முடியாது. குடித்தோம்.